பல் வைத்தியர் இல்லாத இடத்தில் பல் உபாதை

(சங்க அங்கத்தினர்களுக்கான சுகாதாரப் பாடம்)

சிறு கடன்தானே என்று அசட்டையாய் விட்ட கடன், வட்டியும் முதலுமாய்ப் பெருகி ஒருநாள் நிலத்தையே கேட்கும் என்பது சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதன்று. பல்லில் தோன்றும் சிறு சொத்தையும் அத்தன்மையதே. அது பல மாதங்கள் சும்மா இருந்துவிட்டு, வைத்தியரிடம் செல்ல வழியில்லாத ஓர் இரவில் வலிக்கத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் கைவசமுள்ள பொருள்களைக்கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது, எந்தக் குறியைக் கண்டால் கணமும் தாமதிக்கலாகாது என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். இது வைத்தியருக்குப் பதிலாவதன்று. அவரிடம் போய்ச் சேருமளவும் உதவும் வழித்துணையே ஆகும்.

1. நம் பகுதிக்கு இப்பாடம் வேண்டுவதேன்?

நம் நாட்டில் பல் வைத்தியம் கல்லூரிப் படிப்பாக வளர்ந்தது பிற்காலத்தில்தான். டாக்டர் ஆர். அகமது என்பார் 1920-இல் கல்கத்தாவில் நிறுவியதே இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. அவரே பிற்காலத்தில் மேற்கு வங்க அரசில் விவசாயம், கூட்டுறவு முதலிய இலாகாக்களின் மந்திரியாகவும் இருந்தார் என்பது நம் இயக்கத்தாருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பல் வைத்தியர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1948-இல் வந்தது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980-இல் தொடங்கப்பெற்றது. 2021-இல் அது அரசின் சுகாதாரத் துறையின்கீழ் வந்தது. ஆகவே நம் ஜில்லாவில் பல் வைத்தியர் இல்லை என்று எவரும் குறைகூற இடமில்லை.

ஆயினும் கல்லூரி அருகில் இருப்பது வேறு. வேண்டிய நாளில் அதைச் சென்றடைவது வேறு. கிள்ளைக்கும் பிச்சாவரத்துக்கும் அப்பால், காயலுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்திட்டுகளில் தொழில் செய்வோர் படகேறியே கரை சேர வேண்டும். கடலூர்த் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் செல்வோர் சில நாட்கள் கடலிலேயே தங்குவதுண்டு. மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் கொள்ளிடத்தில் விடப்படும்போது, சிதம்பரம் தாலுகாவின் கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம், திட்டுக்காட்டூர் போன்ற கிராமங்களை வெள்ளம் சூழ்ந்துகொள்கிறது. 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதங்களில் அவ்வாறே நடந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தபோதும், 2015 நவம்பர் மழையிலும், 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகியபோதும் கடலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் பல போக்குவரத்தற்று நின்றன. பல்வலி இவற்றுள் எதையும் பார்த்து வருவதில்லை.

2. பல் ஏன் வலிக்கிறது?

பல்லின் மேலே வெண்மையாய்த் தெரியும் ஓடு நம் உடம்பிலுள்ள பொருள்கள் எல்லாவற்றினும் கடினமானது. அதற்கு உணர்ச்சி கிடையாது. அதன் உள்ளே சற்று மிருதுவான தந்தப்பகுதியும், அதனுள் இரத்தக் குழாயும் நரம்பும் அடங்கிய கூழும் உள்ளன. நாம் உண்ணும் இனிப்பு பல்லிடுக்கில் தங்கினால், வாயிலுள்ள கிருமிகள் அதைப் புளிப்பாக மாற்றுகின்றன. அப்புளிப்பு மேலோட்டைச் சிறிது சிறிதாய்க் கரைக்கிறது. ஓடு கரையுமட்டும் வலி இராது. உட்பகுதியை எட்டியதும் குளிர்ந்த நீரும் இனிப்பும் பட்டால் கூசும். கூழை எட்டியதும் அது வீங்கத் தொடங்கும்.

மற்ற அவயவங்கள் வீங்கினால் வெளியே பருக்க இடமுண்டு. பற்கூழோ நாற்புறமும் கற்சுவர் போன்ற பல்லுக்குள் அடைபட்டிருப்பதால், வீங்க இடமின்றி நரம்பை அழுத்துகிறது. படுத்தால் தலைக்கு இரத்தவோட்டம் மிகுந்து அழுத்தம் கூடும். இரவில் பல்வலி பெருகுவதன் காரணம் இதுவே. ஆதலின் நோயாளி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுப்பது நன்று.

இங்கே அங்கத்தினர்கள் மறவாது மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. சிகிச்சையேதும் இன்றிக் கடும் பல்வலி தானாக நின்றுவிட்டால், நோய் தீர்ந்ததென்று எண்ணலாகாது. பெரும்பாலும் கூழ் செத்துவிட்டதென்பதே பொருள். கிருமி வேரின் அடிவழியே தாடையெலும்புக்குள் இறங்கி, அங்கே சீழ் கட்டும். வலி நின்றதைக் கண்டு வைத்தியரிடம் போகாமல் விட்டவர்களே சில வாரங்களுக்குப்பின் கன்னம் வீங்கி வருகிறவர்கள்.

3. முதலில் தரம் பிரித்தல்

உபாதை எதுவாயினும் முதலில் அதை மூன்று வகையுள் ஒன்றில் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

(அ) உடனே செல்ல வேண்டியவை: மூச்சுவிடவோ எச்சில் விழுங்கவோ முடியாமை, நாக்கின் அடியிலும் கழுத்திலும் வீக்கம், கண் மூடும்படியான முகவீக்கம், நிற்காத இரத்தப்போக்கு, தாடை முறிவு, வேரோடு விழுந்த நிலைப்பல்.

(ஆ) ஒரு நாளைக்குள் செல்ல வேண்டியவை: ஜுரத்தோடு கூடிய கன்ன வீக்கம், ஈற்றில் சீழ்க்கட்டி, உடைந்து உள்ளே சிவந்த புள்ளி தெரியும் பல், அசைந்து இடம் பெயர்ந்த பல்.

(இ) வழி திறக்குமளவும் காத்திருக்கக்கூடியவை: வீக்கமும் ஜுரமும் இல்லாத வலி, அடைப்பு விழுந்த பல், வலியின்றி முனை உடைந்த பல்.

நீரிழிவு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் தளர்ந்த முதியோர்க்கும் இவ்வகைகளை ஒருபடி உயர்த்திக் கொள்க. நீரிழிவுக்காரருக்குச் சீழ் மிக விரைவில் பரவும்.

4. வீக்கமில்லாத வலிக்குச் செய்யத்தக்கவை

முதலாவது, வாயைத் தூய்மை செய்தல். காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான நீர் ஒரு தம்ளரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப் பின்னும் படுக்குமுன்னும் கொப்பளிக்க வேண்டும். உப்பு நீர்தானே என்று கடல்நீரையோ காயல்நீரையோ வெள்ளநீரையோ வாயில் விடலாகாது. பல்லிடுக்கில் உணவு சிக்கியிருந்தால் நூலை இடுக்கில் செலுத்தி மெல்ல எடுக்கவேண்டும். ஊசி, ஊக்கு, துடைப்பக்குச்சி இவற்றால் குத்தலாகாது. கடைசியாய் முளைக்கும் ஞானப்பல்லின்மேல் ஈறு மூடி வீங்குவதும் இவ்வாறு கொப்பளிப்பதால் ஓரளவு தணியும்.

இரண்டாவது, குளிர்ச்சி. மீன்பிடி படகுகளில் எப்போதும் ஐஸ் இருக்கும். அதைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்புறம் 10 அல்லது 15 நிமிஷம் வைத்து எடுக்கலாம். மீனுக்கு வைத்த ஐஸை வாய்க்குள் போடுதல் கூடாது.

மூன்றாவது, கிராம்புத் தைலம். சிறு பஞ்சில் ஒரு துளி நனைத்து, சொத்தைக் குழிக்குள் மட்டும் வைக்க வேண்டும். அதிலுள்ள சத்து நரம்பைச் சற்று நேரம் மரக்கச் செய்யும். ஈற்றிலும் உதட்டிலும் பட்டால் புண்ணாகும், விழுங்கலாகாது, சிறு குழந்தைகளுக்கு உபயோகிக்கலாகாது.

நான்காவது, மாத்திரை. பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டை 6 மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்கலாம். 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேற்படலாகாது. கடைகளில் 650 மில்லிகிராம் மாத்திரையும் விற்கிறது. அதுவாயின் வேளைக்கு ஒன்று, நாளொன்றுக்கு 6-க்கு மேல் கூடாது. சளி, ஜுர மாத்திரைகள் பலவற்றில் இதே மருந்து கலந்திருப்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்கி அளவு மீறிவிடாமல் பார்த்துக்கொள்க. ஈரல் நோயுள்ளவரும் குடிப்பழக்கமுள்ளவரும் மிகவும் மெலிந்தவரும் வைத்தியர் சொன்ன அளவே கொள்ளவேண்டும்.

இதனோடு, ஆகாரத்திற்குப் பின் இபுப்ரோபென் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை சேர்த்துக்கொண்டால் பல்வலி இன்னும் நன்றாய்த் தணியும். ஆனால் குடற்புண், சிறுநீரக நோய், இருதய நோய், ஆஸ்துமா உடையவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர்களும், கர்ப்பிணிகளும் இதைத் தொடலாகாது. மழைக்காலத்தில் காரணந்தெரியாத ஜுரமிருந்து டெங்கு என்ற ஐயம் உண்டாயின் எவரும் இதைத் தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

5. செய்யத்தகாதவை

கிராமங்களில் பல்வலிக்கென வழங்கும் சில வழக்கங்கள் வலியினும் கொடியவை.

எருக்கம்பாலைச் சொத்தையில் விடுதல்: அது ஈற்றையும் நாக்கையும் வெந்து புண்ணாக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. புகையிலையை அடைத்தல்: தற்காலிகமாய் மரத்தாற்போல் தோன்றும்; ஈறு அரிக்கும். கற்பூரம்: குழந்தை சிறிது விழுங்கினாலும் வலிப்புக் காணும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லருகே ஒடுக்கிக்கொள்ளல்: அது ஈற்றைச் சுட்டு வெண்புண் ஆக்கும், மாத்திரை விழுங்குவதற்கே உரியது. வீங்கிய கன்னத்தில் சுடு ஒத்தடம் இடுதல்: சீழ் வெளிப்புறம் பரந்து முகத்தில் வாய்வைக்க இடமாகும். கட்டியை ஊசியால் குத்துதல், சாராயத்தை வாயில் அடக்குதல், நூல்கட்டிப் பல்லை இழுத்தல் ஆகியனவும் விலக்கத்தக்கவையே. இழுத்த பல் பாதியில் முறிந்து வேர் உள்ளே தங்கினால், பின்னர் எடுப்பது வைத்தியருக்கே கடினமாகும்.

முன்னொருமுறை வாங்கி மிச்சமிருந்த ஆண்டிபயாட்டிக் மாத்திரையை விழுங்குவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. சீழுக்கு வெளிவழி செய்யாமல், பல்லுக்குச் சிகிச்சை செய்யாமல், மாத்திரை மட்டும் நோயைத் தீர்க்காது. சிலருக்கு அது ஒவ்வாமல் உயிருக்கே அபாயம் விளைவதுமுண்டு.

6. உயிருக்கு அபாயமான வீக்கம்

பல்வலியால் எவரும் இறப்பதில்லை என்பது தவறான எண்ணம். கீழ்க்கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடியில் இறங்கி, இருபுறமும் பரவி, மூச்சுக்குழல் வழியை நெருக்கும் நோயொன்றை ஜெர்மானிய வைத்தியர் லூத்விக் 1836-இல் விவரித்தார். ஆண்டிபயாட்டிக் மருந்துகள் வருமுன் இந்நோய் கண்டவருள் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்றும் தாமதித்தவருக்கு அது யமனே.

அதன் குறிகள்: மோவாயின் கீழும் கழுத்திலும் கட்டை போன்ற வீக்கம், நாக்கு மேலே தூக்கப்படுதல், எச்சில் விழுங்க முடியாமல் வழிதல், வாயில் சூடான உணவை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறுதல், இரு விரல் நுழையுமளவும் வாய் திறவாமை, ஜுரம், நடுக்கம், மூச்சுத்திணறல். இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று இருக்கலாகாது.

மேல்வரிசையின் கோரைப்பல்லிலிருந்து எழும் வீக்கம் மூக்கோரமாய்க் கண்ணை நோக்கி ஏறுவதும் அபாயமே. அப்பகுதியின் இரத்தநாளங்கள் மூளையின் அடிப்புறத்தோடு தொடர்புள்ளவை.

நோயாளியை உட்கார்ந்தபடியே, சற்று முன் சாய்ந்திருக்கச் செய்க. மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு பின்சென்று மூச்சடைக்கும். வாய்வழியே எதையும் வற்புறுத்தி ஊட்டாதீர்கள். 108 வண்டியை அழையுங்கள். வெள்ளத்தால் வண்டி வர வழியில்லையேல் 1077 என்ற ஜில்லாப் பேரிடர் அறைக்குச் சொல்லிப் படகு கேளுங்கள். கடலில் இருப்போர் கம்பியில்லாக் கருவியின் 16-ஆம் அலைவரிசையிலோ, கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணிலோ உதவி கோரலாம். செல்லுமிடம் பல் வைத்தியரின் அறையாக இருக்கவேண்டுவதில்லை. மூச்சுக்கு வழிசெய்யக்கூடிய பெரிய ஆஸ்பத்திரியாக இருப்பதே முக்கியம். சிதம்பரத்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ளோர்க்கு அண்ணாமலை நகரிலுள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், கடலூர்ப் பக்கத்தார்க்கு அரசு தலைமை ஆஸ்பத்திரியும் உண்டு.

7. வேரோடு விழுந்த பல்

ஒரு பையன் படகின் விளிம்பில் வழுக்கி விழுந்து முன்பல் ஒன்று வேரோடு வெளியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் அதைப் போனது போனதென்று எறிந்துவிடுவர். அப்பல் இன்னும் சாகவில்லை. வேரின்மேல் ஒட்டியுள்ள மெல்லிய நார்களில் உயிரணுக்கள் உள்ளன. அவை உலராதிருக்குமட்டும் பல் மீண்டும் பிடிக்கும். அரை மணி நேரத்துக்குள் பல் தன்னிடம் சேருமாயின் மிக நன்று. உலர்ந்தபடி ஒரு மணி கழிந்தால் பெரும்பாலான அணுக்கள் மடிந்துவிடும். பிச்சாவரம் படகுத்துறையிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். படகில் வரும் நேரம் வேறு. வைத்தியரை அடையும்வரை பொறுத்தால் காலம் கடந்துவிடும். ஆதலால் விழுந்த இடத்திலேயே பின்வருமாறு செய்க:

(1) பல்லைத் தேடி, வெண்மையான தலைப்பகுதியைப் பிடித்து எடுக்கவும். வேரைத் தொடாதீர்கள்.

(2) மண் பட்டிருந்தால் பாலிலோ அவனது எச்சிலிலோ மெல்ல அலசவும். இவை கிடையாவிடில் தூய குளிர்நீரில் சில விநாடி அலசலாம். தேய்க்கவோ சுரண்டவோ துணியால் துடைக்கவோ கூடாது.

(3) பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்புறம் எது என்று அறிந்து, குழிக்குள் மெல்ல அழுத்திப் பொருத்தவும். மடித்த தூய துணியைக் கடித்துக்கொண்டிருக்கச் செய்யவும்.

(4) பொருத்த இயலாவிடில் சர்க்கரை கலவாத குளிர்ந்த பாலில் போட்டுக் கொண்டு செல்லவும். பால் அகப்படாவிடில் விழுந்தவரின் எச்சிலைச் சிறு பாத்திரத்தில் சேர்த்து அதில் போடலாம். தண்ணீரில் ஊறவைத்தால் அணுக்கள் வெடித்து மடியும். காகிதத்தில் சுற்றினால் உலர்ந்துவிடும்.

(5) அன்றே பல் வைத்தியரிடம் காட்டிப் பல்லைக் கட்டிவைக்கவும். மண்ணில் விழுந்த காயமாயின் டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் கேட்கவும்.

மயக்கமுற்றவருக்கும் வாந்தியெடுப்பவருக்கும் இவ்வாறு பல்லைப் பொருத்தலாகாது. அது தொண்டைக்குள் சென்றுவிடும். குழந்தைகளின் பாற்பல்லை ஒருபோதும் திரும்பப் பொருத்தலாகாது. அதன் கீழே வளரும் நிலைப்பல் கெடும். இளநீரில் வைக்கலாமா என்பது பற்றிச் சோதனைகள் நடந்துள்ளன, முடிவுகள் ஒன்றுபடவில்லை. பாலே நம்பத்தக்கது. பால் உற்பத்தியாளர் சங்கம் உள்ள ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

8. உடைந்த பல்லும், விழுந்த அடைப்பும், தாடை முறிவும்

பல் உடைந்தால் துண்டைத் தேடிப் பாலிலோ நீரிலோ போட்டு வைத்தியரிடம் கொண்டு செல்க. அதை ஒட்டவைக்கக் கூடும். கூரிய விளிம்பு நாக்கைக் கிழிக்குமாயின் தூய மெழுகைப் பிசைந்து அதன்மேல் ஒட்டிவைக்கலாம்.

பழைய அடைப்பு விழுந்து குழி தெரியுமாயின், வாயைக் கொப்பளித்துக் குழியைப் பஞ்சால் உலர்த்தி, ஜிங்க் ஆக்ஸைடு தூளைக் கிராம்புத் தைலத்தோடு பிசைந்த கெட்டிப் பசையைக் குழியில் அடைத்து, மேலும் கீழும் கடித்து அளவாக்கலாம். பல் வைத்தியர்களே நெடுங்காலமாகத் தற்காலிகமாய் இடும் அடைப்பு இது. சீழோ வீக்கமோ உள்ள பல்லை இப்படி அடைத்தல் கூடாது. உள்ளிருக்கும் சீழுக்கு வழியடைபட்டு வலி மிகும்.

அடிபட்டபின் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போல் பொருந்தாவிடினும், கீழுதடு மரத்துப்போனாலும் தாடை முறிந்ததென்று ஐயுறவேண்டும். முன் சாய்ந்து உட்காரவைத்து, நோயாளி தம் கையாலேயே தாடையைத் தாங்கிக்கொள்ளும்படி செய்து அழைத்துச் செல்க. வாயில் இரத்தமோ வாந்தியோ உள்ளபோது வாயை இறுகக் கட்டுதல் மூச்சை அடைக்கும்.

9. பல் எடுத்தபின் இரத்தம்

பட்டணத்தில் பல் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவருக்கு இரவில் இரத்தம் கசிவதுண்டு. தூய துணியை மடித்து நனைத்துப் பிழிந்து, குழியின்மேல் வைத்து, 30 நிமிஷம் அழுத்திக் கடிக்கச் செய்க. இரண்டு நிமிஷத்துக்கொருதரம் எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். நிற்காவிடில், தேயிலைப் பையொன்றை நனைத்து அதேபோல் கடிக்கலாம்; தேயிலையின் துவர்ப்பு இரத்தம் உறைய உதவும். ஒரு மணி நேரம் இவ்வாறு செய்தும் நில்லாவிடில் ஆஸ்பத்திரி செல்லவேண்டும். முதல் 24 மணி நேரம் கொப்பளித்தல், காறி உமிழ்தல், சூடான உணவு, வெற்றிலை, புகையிலை, சாராயம் ஆகியவற்றை விலக்குக. குழல் வைத்து இளநீர் உறிஞ்சுவதும் உறைந்த இரத்தத்தைப் பெயர்த்துவிடும்.

10. பல்வலி போல் வரும் பிற வலி

கீழ்த்தாடையில், சிறப்பாக இடப்புறத்தில், நடக்கும்போதோ வலை இழுக்கும்போதோ வலி தோன்றி, நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் மூச்சிறைப்பும் கூடுமாயின் அது பல்வலியன்று. இருதயத்திலிருந்து எழுந்த வலியாகலாம். கிராம்பு தேடி நேரம் போக்காமல் 108-ஐ அழைக்கவேண்டும். அன்றியும், இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணும், வெள்ளை அல்லது சிவப்புப் படையும், புகையிலை போடுவோர்க்கு வாய் வரவரக் குறுகுதலும் வலியில்லாவிட்டாலும் அசட்டை செய்யத்தக்கவையல்ல. புற்றுநோயின் தொடக்கம் அவ்வாறே வருவதுண்டு.

11. சங்கம் செய்யக்கூடியவை

தனி மனிதர் வீட்டில் இவையெல்லாம் சேர்த்து வைத்தல் அரிது. சங்கத்துக்கு அது எளிது. சங்கக் கட்டடத்தில் ஒன்றும், தங்கித் தொழில் செய்யும் ஒவ்வொரு படகிலும் ஒன்றுமாகப் பல் உதவிப் பெட்டி வைக்கலாம். அதில் வேண்டுவன: பாராசிட்டமால், இபுப்ரோபென் மாத்திரைகள், கிராம்புத் தைலம், ஜிங்க் ஆக்ஸைடு தூள், சுத்தம் செய்த பஞ்சும் மெல்லிய துணிக்கட்டும், உப்பு, பல்நூல், மெழுகு, கையுறை, சிறு கண்ணாடி, டார்ச் விளக்கு, மூடியுள்ள சிறு டப்பா, தேயிலைப் பை, 108, 104, 1077, 1554 என்ற எண்கள் எழுதிய அட்டை. 104 என்பது வைத்திய ஆலோசனை கேட்கும் எண். மாத்திரைகளைக் கூட்டுறவு மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரி 24 முதல் நடைபெறும் முதல்வர் மருந்தகங்களிலும் விசாரித்து வாங்கலாம். காலாவதித் தேதியைக் காரியதரிசி ஆறு மாதத்துக்கொருமுறை சரிபார்த்துப் புத்தகத்தில் குறிக்கவேண்டும்.

இதனினும் முக்கியமானது காலம் அறிந்து சோதித்தல். மழைக்கு முன் கூரை மேய்கிறோம். அதுபோலக் கொள்ளிடக் கரையார் ஆடிக்கு முன்னும், கடற்கரையார் ஐப்பசிக்கு முன்னும் பல்லைக் காட்டிச் சொத்தையை அடைத்துக்கொள்ள வேண்டும். சங்கத்தார் பல் மருத்துவக் கல்லூரிக்கு எழுதி, ஊரிலேயே ஒருநாள் சோதனை முகாம் கேட்கலாம். சிறு சொத்தையை அடைக்கும் செலவும் ஒருநாள் கூலியும், சீழ் பரவிப் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நஷ்டத்தின் முன் மிக அற்பம்.

அன்றாடம் செய்ய வேண்டியதோ சிறிதே. காலையும் இரவும் புளோரைடு சேர்ந்த பற்பசையால் துலக்குதல், இரவில் துலக்கியபின் தண்ணீரன்றி எதுவும் உண்ணாமை, செங்கற்பொடி, கரி, மணல் இவற்றால் பல்லைத் தேய்த்து மேலோட்டைக் கெடுக்காமை, புகையிலையை விடுதல், இனிப்பை நாள் முழுவதும் கொறிக்காமல் உணவோடு முடித்துக்கொள்ளுதல்.

12. மாதிரித் தீர்மானம்

“நமது சங்க அங்கத்தினரின் குடும்ப நலனை உத்தேசித்து, துணைவிதிகள் இடங்கொடுக்குமளவில் பொது நன்மை நிதியிலிருந்து பல் உதவிப் பெட்டியொன்று வாங்கி வைப்பதென்றும், அதை உபயோகிக்க ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பழக்குவதென்றும், பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் பற்சோதனை நாள் ஒன்று நடத்துவதென்றும் இக்கூட்டம் தீர்மானிக்கிறது.”

அங்கத்தினர் கூட்டத்தில் கேட்கத்தக்க வினாக்கள்

1. கடும் பல்வலி சிகிச்சையின்றித் தானாக நின்றால் என்ன பொருள்? பிறகு செய்ய வேண்டியது யாது?
2. இரவில் பல்வலி பெருகுவதேன்?
3. எந்தெந்தக் குறிகளைக் கண்டால் விடியும்வரை காத்திருக்கலாகாது?
4. வேரோடு விழுந்த பல்லை எதில் வைக்கலாம்? எதில் வைக்கலாகாது? பாற்பல்லாயின் என்ன செய்வது?
5. எருக்கம்பால், சுடு ஒத்தடம், மிச்ச மாத்திரை ஆகியவற்றால் விளையும் கேடுகள் எவை?
6. நம் ஊர் வெள்ளத்தால் சூழப்படும் மாதம் எது? அதற்கு முன் பற்சோதனை நாளை எந்தத் தேதியில் வைக்கலாம்?